‘மனிதர் நமக்காகவும்’: வேற்றுக்கோள் உயிர்களும் ஒரு கத்தோலிக்கனின் நம்பிக்கையும்

ஞாயிறு திருப்பலியில் நம்பிக்கை அறிக்கை சொல்லும்போது ஓரிடத்தில் என் குரல் சற்றுத் தயங்கும். “மனிதர் நமக்காகவும் நம் மீட்புக்காகவும்” கிறிஸ்து விண்ணகத்திலிருந்து இறங்கினார் என்று சொல்லும் இடம். சிறு வயதிலிருந்தே மனப்பாடமாகச் சொல்லி வந்த வரிதான். ஒரு நண்பன் கேட்ட கேள்விக்குப் பிறகு அதை முன்போல் சட்டென்று கடந்து போக முடிவதில்லை.

அவனும் நானும் ஒரே காலத்தில், திருப்பலியில் குருவுக்கு உதவும் பீடச் சிறுவர்களாக இருந்தவர்கள். பிறகு அவன் இயற்பியல் படிக்கப் போனான். கொஞ்சம் கொஞ்சமாகக் கோயிலுக்கு வருவது நின்றது. யாரோடும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, கசப்பும் இல்லை. ஓர் இரவு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு எப்படியோ அந்தப் பக்கம் திரும்பியது. அவன் சொன்னான்: “பால்வெளியில மட்டும் பத்தாயிரம் கோடி நட்சத்திரத்துக்கு மேல இருக்கு. அதுல ஒரு சாதாரண நட்சத்திரத்தைச் சுத்துற ஒரு சின்னக் கோள். அதுல வாழுற ஒரே ஒரு இனத்துக்காக, எல்லாத்தையும் படைச்சவர் வந்து பிறந்து செத்தார்னு சொல்றது எவ்வளவு பெரிய கர்வம்னு உனக்குத் தோணலையா?”

அன்று எனக்குப் பதில் வரவில்லை. அவன் கேட்டது புதிய கேள்வியும் இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. 1794இல் தாமஸ் பெயின் என்ற சிந்தனையாளர் இதையேதான் எழுதினார்: உலகங்கள் பல உண்டு என்பதையும் கிறிஸ்தவ விசுவாசத்தையும் ஒருவர் ஒரே மனத்தில் வைத்திருக்க முடியாது, முடியும் என்று நினைப்பவர் இரண்டையுமே சரியாக யோசிக்கவில்லை என்றார். நான் இரண்டையும் வைத்திருக்க விரும்புகிறவன். அதனால் யோசித்தே ஆக வேண்டியிருந்தது. அப்படிச் சில வருடங்களாகப் படித்ததும் யோசித்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். வேற்றுக்கோள்களில் உயிர் உண்டு என்றோ இல்லை என்றோ கத்தோலிக்கத் திருச்சபை எந்தக் கோட்பாட்டையும் வரையறுத்ததில்லை. ‘திருச்சபை இதை மறுக்கிறது’ என்பதும் தவறு, ‘இப்போது ஒப்புக்கொண்டுவிட்டது’ என்று அவ்வப்போது வரும் செய்தித் தலைப்பும் தவறு. 2008 மே மாதம் வத்திக்கான் வானாய்வகத்தின் அன்றைய இயக்குநர், அர்ஜென்டினாவைச் சேர்ந்த இயேசு சபை அருள்பணியாளர் ஹோசே கபிரியேல் ஃபூனெஸ், வத்திக்கான் நாளிதழான ‘லொஸ்ஸெர்வத்தோரே ரொமானோ’வுக்கு ஒரு பேட்டி கொடுத்தார். வேற்றுக்கோள்வாசியைத் தன் சகோதரன் என்று சொல்ல முடியும் என்றார். கடவுளின் படைக்கும் சுதந்திரத்துக்கு நாம் எல்லை வகுக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அடுத்த ஆண்டு நவம்பரில் திருப்பீட அறிவியல் கழகம் வானுயிரியல் பற்றி ஓர் ஆய்வு வாரமே நடத்தியது. 2014 மே 12ஆம் நாள் காலைத் திருப்பலி மறையுரையில் திருத்தந்தை பிரான்சிஸ், செவ்வாய்க் கோளிலிருந்து சிலர் வந்து, அவர்களில் ஒருவர் ‘எனக்குத் திருமுழுக்கு வேண்டும்’ என்று கேட்டால் என்ன செய்வோம் என்று கேட்டார். அன்றைய வாசகம் திருத்தூதர் பணிகள் நூலிலிருந்து: யூதரல்லாத கொர்னேலியு வீட்டுக்குப் பேதுரு போனதும், அதற்காக எருசலேமில் இருந்தவர்கள் அவரிடம் குறை பேசியதும். கதவை மூட நாம் யார் என்பதே அந்த மறையுரையின் சாரம்.

இவற்றையெல்லாம் படிப்பவருக்கு, அறிவியல் நெருக்கியதால் திருச்சபை அண்மையில் வளைந்து கொடுத்திருக்கிறது என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பழைய புத்தகங்களுக்குள் போன பிறகுதான், இந்த விவாதம் தொலைநோக்கிக்கு முந்நூறு ஆண்டுகள் மூத்தது என்று தெரிந்தது.

அரிஸ்டாட்டில் உலகம் ஒன்றுதான் என்று நினைத்தார். மண்ணுக்கு இயல்பான இடம் உலகின் மையம், அதனால்தான் கல் கீழே விழுகிறது. இன்னோர் உலகம் இருந்தால் இன்னொரு மையமும் இருக்க வேண்டும். அப்போது கல் எந்த மையத்தை நோக்கி விழும்? இந்தத் தர்க்கம் 13ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களை ஆண்டது. புனித தோமா அக்குவினாரும் உலகம் ஒன்றே என்றுதான் எழுதினார். படைப்பு முழுவதும் ஒரே ஒழுங்கில் கட்டப்பட்டிருப்பதை அவர் காரணமாகக் காட்டினார்.

அவர் இறந்து சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 1277 மார்ச் 7ஆம் நாள், பாரிஸ் ஆயர் எத்தியென் தம்ப்பியே 219 கூற்றுகளைக் கண்டித்து ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் ஒன்று, முதற்காரணராகிய கடவுளால் பல உலகங்களைப் படைக்க முடியாது என்ற கூற்று. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. உலகங்கள் பல உண்டு என்று சொன்னவர்களை ஆயர் தண்டிக்கவில்லை. ‘பல இருக்கவே முடியாது’ என்று சொன்னவர்களைத்தான் தடுத்தார். அரிஸ்டாட்டிலின் இயற்பியலைக் காட்டிக் கடவுளின் கையைக் கட்டாதீர்கள் என்பது அவர் கவலை. அந்தக் காலத்தில் ‘உலகம்’ என்றால் வானமும் நட்சத்திரங்களும் சேர்ந்த முழு அமைப்பு, இன்று நாம் பிரபஞ்சம் என்று சொல்வதற்கு நெருக்கமானது. ஆகவே ஆயர் வேற்றுக்கோள்களைப் பற்றிப் பேசினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘இருக்க முடியாது’ என்ற சொல்லை இறையியலிலிருந்து அவர் எடுத்துவிட்டார். பிறகு லிசியோ ஆயரான நிக்கோல் ஒரேம் போன்றவர்கள் அரிஸ்டாட்டிலின் அந்தக் கல் கேள்விக்கே பதில் எழுதிப் பார்த்தார்கள். பல உலகங்கள் இருக்கலாம், ஆனால் உண்மையில் இருப்பது ஒன்றுதான் என்று ஒரேம் முடித்தார். கதவு திறந்திருந்தது, அவர் உள்ளே போகவில்லை.

உள்ளே போனவர் கூசா நகர நிக்கோலாஸ். 1440இல் முடித்த ‘கற்றறிந்த அறியாமை’ என்ற நூலில், பூமி பிரபஞ்சத்தின் மையம் இல்லை, பிரபஞ்சத்துக்கு மையமே இல்லை என்றார். கோப்பர்நிக்கஸின் புத்தகம் வர இன்னும் நூறு ஆண்டுகள் இருந்தன. மற்ற விண்பொருள்களிலும் குடிகள் இருக்கலாம், அவர்களை நம்மோடு ஒப்பிட நமக்கு அளவுகோல் எதுவும் இல்லை என்றும் எழுதினார். சூரியனில் இருப்பவர்கள் நம்மைவிட ஒளி மிகுந்தவர்களாக இருப்பார்கள் என்று ஊகிக்கவும் செய்தார். ஊகம் பிழைதான், அது இருக்கட்டும். இதை எழுதியதற்காக அவர் மீது எந்த வழக்கும் வரவில்லை. சில ஆண்டுகளில் கர்தினால் ஆக்கப்பட்டார்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நான் நேர்மையானவன் ஆக மாட்டேன். ஜோர்தானோ புரூனோவைப் பற்றிப் பேசாமல் ஒரு கத்தோலிக்கன் இந்தப் பொருளை எழுதக் கூடாது. தொமினிக் சபையிலிருந்து வெளியேறிய அவர், எண்ணற்ற சூரியன்கள், அவற்றைச் சுற்றி எண்ணற்ற உலகங்கள், அங்கும் உயிர்கள் என்று எழுதினார். 1592இல் வெனிசில் கைதானார். 1600 பிப்ரவரி 17ஆம் நாள் ரோமையில் உயிரோடு எரிக்கப்பட்டார். மூவொரு கடவுள், கிறிஸ்துவின் இறைத்தன்மை, நற்கருணை ஆகியவற்றை மறுத்ததும் குற்றச்சாட்டுகளில் இருந்தது, ஆகவே அவர் விண்ணியலுக்காகச் சாகவில்லை என்று நம் தரப்பில் பலர் சொல்வதுண்டு. அந்தக் குற்றச்சாட்டுகள் இருந்தது உண்மை. பல உலகங்கள் பற்றிய கேள்வியும் அவற்றோடு கேட்கப்பட்டது என்பதும் உண்மை. எந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு கனத்தது என்று எடை போட்டு ஆறுதல் தேடுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிதனை அவன் நினைத்ததற்காக எரித்தார்கள். 2000ஆம் ஆண்டில் வத்திக்கான் செயலராக இருந்த கர்தினால் ஆஞ்செலோ சொடானோ அதற்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். கூசா நிக்கோலாசுக்குக் கிடைத்த சிவப்புத் தொப்பியையும் புரூனோவுக்கு மூட்டிய தீயையும் ஒரே வரலாறாகத்தான் நான் படிக்க வேண்டியிருக்கிறது.

சரி, நண்பனின் கேள்விக்கு வருகிறேன். அவன் வேற்றுக்கோள்வாசிகள் இருக்கிறார்களா என்று கேட்கவில்லை. இருந்தால், ‘மனிதர் நமக்காகவும்’ என்ற வரி என்ன ஆகும் என்பதே அவன் கேள்வி. 1995இல் சூரியனைப் போன்றதொரு நட்சத்திரத்தைச் சுற்றும் முதல் கோளை மிஷேல் மயோரும் திதியே கெலோவும் கண்டுபிடித்தார்கள். இன்று உறுதியான கோள்களின் எண்ணிக்கை 6000ஐத் தாண்டிவிட்டது. அவற்றில் எதிலாவது நுண்ணுயிர் கிடைத்தால் அறிவியலில் அது பெரும் செய்தி, ஆனால் இறையியலுக்குப் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. பாசியும் பூஞ்சையும் இங்கேயும் இருக்கின்றன. சிக்கல், அறிவும் மனச்சுதந்திரமும் உள்ள ஓர் இனம் இருந்தால்தான் வரும்.

இந்தச் சிக்கலைத் திருச்சபை ஏற்கெனவே ஒருமுறை சந்தித்திருக்கிறது, இதே பூமியில். பூமியின் மறுபக்கத்தில், நம் காலடிக்கு நேர் எதிரே, மனிதர் வாழ்கிறார்களா என்ற கேள்வி பழங்காலத்திலேயே இருந்தது. புனித அகுஸ்தினார் அதை நம்பவில்லை. எல்லா மனிதரும் ஆதாமின் மக்கள் என்றால், அந்தப் பெருங்கடலைத் தாண்டி யார் அங்கே போயிருக்க முடியும் என்று கேட்டார். ஆனால் ‘கடவுளின் நகரம்’ என்ற அதே நூலில், எவ்வளவு விசித்திரமான உருவம் இருந்தாலும், பகுத்தறிவுள்ள, சாகும் இயல்புள்ள ஓர் உயிர் என்றால் அவர் நம் இனத்தவரே என்றும் எழுதியிருக்கிறார். 748இல் திருத்தந்தை சக்கரியாசுக்கு ஒரு புகார் போனது. விர்ஜில் என்ற அயர்லாந்து நாட்டு அருள்பணியாளர், பூமிக்கு அடியில் வேறோர் உலகமும் வேறு மனிதரும் உண்டு என்று கற்பிப்பதாகச் சொல்லப்பட்டது. அது நிரூபணமானால் அவரை விலக்க வேண்டும் என்று திருத்தந்தை பதில் எழுதினார். விர்ஜில் விலக்கப்படவில்லை. சால்ஸ்பர்க் ஆயரானார். 1233இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

சக்கரியாஸ் ஏன் அஞ்சினார் என்பது முக்கியம். ஆதாமிலிருந்து வராத, கிறிஸ்துவின் மீட்புக்கு வெளியே நிற்கிற ஒரு மனித இனம் என்பதுதான் அவரை உறுத்தியது. என் நண்பன் கேட்டதும் அதேதான். அவன் தொலைவைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறான், அவ்வளவே.

பிறகு 1492இல் அந்தப் பெருங்கடலைத் தாண்டி அமெரிக்கக் கரைக்குப் போய்விட்டார்கள். அங்கே மனிதர் இருந்தார்கள். பதினைந்து நூற்றாண்டுகளாக நற்செய்தி எட்டாத மக்கள். அவர்கள் உண்மையில் மனிதர்தானா, அவர்களுக்கு ஆன்மா உண்டா, அடிமைப்படுத்தலாமா என்று வாதிட்டுக்கொண்டே அவர்களை அடிமைப்படுத்தினார்கள், கொன்றார்கள். 1537இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், அவர்கள் உண்மையான மனிதர், கிறிஸ்தவர் ஆகாவிட்டாலும் அவர்களின் சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கக் கூடாது என்று எழுதினார். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த கடிதம். வந்த பிறகும் கொடுமை நிற்கவில்லை. வேற்றுக்கோள்வாசிகளைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு முதலில் வரும் அச்சம் இதுதான். அவர்கள் வந்தால் நம் விசுவாசம் ஆடிப்போகுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நம்மைவிட எளியவர்களாக அவர்கள் இருந்தால் நாம் அவர்களை என்ன செய்வோம் என்பதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

இனி நடுக்கேள்வி. அவர்களுக்கு மீட்பு தேவையா? தேவையென்றால் எப்படி?

15ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த கியோம் தெ வொருய்யோன் இதை நேராகவே கேட்டார். வேறோர் உலகத்தில் மனிதர் இருந்தால் அவர்களுக்கு ஆதாமின் பாவம் இருக்குமா? இருக்காது, அவர்கள் ஆதாமின் மக்கள் இல்லையே என்றார். அப்படியும் கிறிஸ்து இந்த மண்ணில் இறந்ததால் அவர்களை மீட்க முடியுமா? முடியும், எண்ணற்ற உலகங்கள் இருந்தாலும் முடியும் என்றார். அவர் இன்னோர் உலகத்துக்குப் போய் மறுபடி சாவது பொருத்தமாக இருக்காது என்றும் சேர்த்துக்கொண்டார். எந்தத் தொலைநோக்கியும் இல்லாத காலத்தில், மடத்து அறையில் உட்கார்ந்து ஒருவர் இந்தக் கேள்வியை இவ்வளவு நிதானமாகக் கேட்டிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அவர்கள் பாவத்தில் விழாத இனமாகவே இருக்கலாம். ஃபூனெஸ் அந்தப் பேட்டியில் காணாமற்போன ஆட்டின் உவமையை எடுத்தார். நூறு ஆடுகளில் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு, வழிதவறிய ஒன்றைத் தேடிப் போன ஆயன். அந்த ஒன்று நாமாக இருக்கலாம் என்றார். நண்பன் சொன்ன கர்வம் அங்கேயே பாதி கரைந்துவிடுகிறது. ஆயன் தேடி வந்தான் என்பது ஆட்டுக்குக் கிடைத்த விருதில்லையே. அது தொலைந்துபோனதால் தேடினான்.

மனிதரல்லாத அறிவுள்ள படைப்புகள் என்பது கத்தோலிக்கருக்குப் புதிதும் அல்ல. நம்பிக்கை அறிக்கையின் தொடக்கத்திலேயே ‘காண்பவை காணாதவை’ எல்லாவற்றையும் படைத்தவர் என்கிறோம். காணாதவற்றில் வானதூதர்கள் உண்டு. அவர்களில் சிலர் விழுந்தார்கள் என்பது நம் போதனை. அவர்களுக்காகக் கிறிஸ்து இறக்கவில்லை. அவர் வானதூதருக்குத் துணை நிற்கவில்லை, ஆபிரகாமின் வழிமரபினருக்கே துணை நின்றார் என்று எபிரேயர் திருமுகம் சொல்கிறது. ஆக, மனிதரைத் தவிர அறிவுள்ள படைப்பு உண்டு, அவர்களோடு கடவுள் வேறு கணக்கு வைத்திருக்கிறார் என்ற எண்ணம் நம் விசுவாசத்துக்குள்ளேயே முதலிலிருந்து இருக்கிறது.

அவர்களும் நம்மைப் போல விழுந்திருந்தால்? கடினமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. நாசியான்ஸ் நகர புனித கிரகோரியார் நான்காம் நூற்றாண்டில் சொன்ன ஒரு வாக்கு இறையியலில் மிகப் பிரபலம்: கிறிஸ்து எதைத் தம்மேல் ஏற்கவில்லையோ அது குணமாகவில்லை. கிறிஸ்துவுக்கு மனித அறிவு இல்லை என்று சொன்னவர்களை எதிர்த்து அவர் எழுதியது. நம் மனத்தை அவர் ஏற்காவிட்டால் நம் மனம் எப்படிக் குணமாகும் என்பது வாதம். இதை அப்படியே விண்வெளிக்குக் கொண்டுபோனால், அவர்களின் இயல்பைக் கடவுள் ஏற்காவிட்டால் அவர்கள் எப்படிக் குணமாவார்கள்? அப்படியானால் அங்கேயும் ஒரு பிறப்பு நடந்திருக்க வேண்டும்.

அது முடியுமா? பதிலைத் தோமா அக்குவினாரே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1270களின் தொடக்கத்தில் எழுதிய ‘இறையியல் தொகுப்பு’ நூலின் மூன்றாம் பகுதியில், மூவொரு கடவுளில் ஓர் ஆள், தாம் ஏற்கெனவே ஏற்ற மனித இயல்பைத் தவிர இன்னொன்றையும் ஏற்க முடியுமா என்று கேட்கிறார். முடியும் என்பது அவர் பதில். இறைவல்லமை எல்லையற்றது, ஒரு படைப்புக்குள் அதை அடைத்துவிட முடியாது. உலகம் ஒன்றே என்று நினைத்த அதே மனிதர் இதை எழுதினார். 20ஆம் நூற்றாண்டில் கார்ல் ரானர் போன்ற இறையியலாளர்களும் இந்த வாய்ப்பை மூடிவிடவில்லை. இந்தப் பகுதியை நண்பனுக்கு அனுப்பினேன். “இதை அப்பவே எழுதிட்டாங்களா?” என்று மட்டும் பதில் வந்தது.

ஆனாலும் கடவுள் ஒரே முறைதான், இங்கேதான் மனிதரானார் என்ற பக்கம்தான் என் மனம் சாய்கிறது. அதற்கு ஒரு காரணம் ஒரு மொழிபெயர்ப்பில் கிடைத்தது. யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இன்றைய நம் திருவிவிலியம் “வாக்கு மனிதர் ஆனார்” என்கிறது. பழைய தமிழில் அதுவே “வார்த்தை மாம்சமாகி” என்று இருந்தது. கிரேக்க மூலத்தில் இருப்பது ‘சார்க்ஸ்’ என்ற சொல். தசை, ஊன், உடல். மாம்சம் என்பதே அதற்கு நேரான சொல். புதிய மொழிபெயர்ப்பில் தவறில்லை, கருத்து அதுதான். ஆனால் ‘மனிதர்’ என்றதும் நம் இனத்துக்கு ஒரு வேலி விழுகிறது. ‘மாம்சம்’ என்னும்போது அந்த வேலி இல்லை. அவர் ஏற்ற உடலில் கார்பன் இருந்தது, இரத்தத்தில் இரும்பு இருந்தது, எலும்பில் கால்சியம் இருந்தது. பூமி பிறப்பதற்கு முன்பே இறந்துபோன நட்சத்திரங்களுக்குள் வெந்தவை அவை. எந்தக் கோளில் உடலுள்ள உயிர் இருந்தாலும் அதே தனிமங்களால்தான் ஆகியிருக்கும். நாசரேத்தில் ஒரு பெண்ணின் வயிற்றில் அவர் ஏற்றது நம் இயல்பை, ஆனால் அந்த இயல்பின் மண் பிரபஞ்சத்துக்கே பொதுவானது. விண்ணிலுள்ளவை, மண்ணிலுள்ளவை அனைத்தையும் சிலுவையின் இரத்தத்தால் கடவுள் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று கொலோசையர் திருமுகம் சொல்லும்போது, அந்த ‘அனைத்தையும்’ என்ற சொல்லுக்கு இப்போது எனக்கு ஓர் எடை தெரிகிறது. இது கிரகோரியாருக்கு முழுப் பதில் ஆகாது. ஏற்கப்பட வேண்டியது தனிமங்கள் மட்டுமல்ல, மனமும்தான் என்பார் அவர். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு காரணம், இடமும் தொலைவும். இயேசு ஒரு பேரரசின் மூலையில் பிறந்தார். ஒரு சிறு நிலப்பரப்புக்குள் நடந்தார். அதற்கு முன்பே லட்சக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் பிறந்து இறந்திருந்தார்கள். அவர் காலத்திலேயே ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த ஒருவருக்கு அவர் பெயர் தெரிய வழியே இல்லை. அவர்களுக்காகவும்தான் அவர் இறந்தார் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. கடவுளுக்குத் தெரிந்த ஒரு வழியில் எல்லாருக்கும் கிறிஸ்துவின் இறப்பும் உயிர்ப்புமாகிய அந்தப் பாஸ்கா மறைபொருளில் பங்குபெறும் வாய்ப்பைத் தூய ஆவியார் அளிக்கிறார் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எழுதியது. ஒரு சிற்றூரில் நடந்தது உலகத்துக்கெல்லாம் போதும் என்று நம்புகிறவனுக்கு, ஒரு கோளில் நடந்தது எல்லாக் கோள்களுக்கும் போதும் என்பது புதுவகைக் கடினம் ஒன்றும் இல்லை. முதல் படியில் உள்ள அதே கடினம்தான். அந்த முதல் படியைத்தான் நான் ஒவ்வொரு ஞாயிறும் ஏறிக்கொண்டிருக்கிறேன்.

பிரான்சிஸ்கன் மரபில் இன்னோர் எண்ணமும் உண்டு. ஆதாம் பாவம் செய்யாமல் இருந்திருந்தாலும் இறைமகன் மனிதராகியிருப்பார் என்று 1308இல் இறந்த ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் கற்பித்தார். பாவத்தை அடைக்க வந்த அவசர வேலையாக அவர் அதைப் பார்க்கவில்லை, படைப்பின் நோக்கமே அதுதான் என்றார். இது சரியென்றால், பாவமே செய்யாத ஓர் இனத்துக்கும் கிறிஸ்து தேவையற்றவர் ஆக மாட்டார்.

வழிபாட்டுச் சட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வத்திக்கான் வானாய்வகத்தை நடத்திய இயேசு சபை சகோதரர் கை கொன்சொல்மாக்னோவிடம், வேற்றுக்கோள்வாசிக்குத் திருமுழுக்குக் கொடுப்பீர்களா என்று பலமுறை கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டால் கொடுப்பேன் என்பது அவர் பதில். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 864ஆம் சட்டமோ, திருமுழுக்குப் பெறாத எந்த மனிதரும், மனிதர் மட்டுமே அதைப் பெறத் தகுதியுள்ளவர் என்கிறது. எழுதியவர்கள் மனத்தில் வேற்றுக்கோள் இருந்திருக்காது. ஆனால் 6ஆம் நூற்றாண்டில் பொயெத்தியுஸ் ‘ஆள்’ என்ற சொல்லுக்குக் கொடுத்த வரையறையில் மனிதர் என்ற சொல்லே இல்லை, அறிவியல்பு கொண்ட தனி இருப்பு என்றுதான் இருக்கிறது. சட்டத்தைத் திருத்தலாம். நற்கருணைக்குக் கோதுமை அப்பமும் திராட்சை இரசமும் வேண்டும் என்ற விதி, கோதுமையே முளைக்காத ஓர் உலகத்தில் என்ன ஆகும் என்பது அதைவிட எனக்குக் கடினமாகத் தெரிகிறது. அவர்களுக்குத் திருமுழுக்கு, நற்கருணை போன்ற திருவருட்சாதனங்களே தேவைப்படாமலும் இருக்கலாம். கேட்டால் கொடுப்பேன் என்பதில் ‘கேட்டால்’ என்ற சொல்லைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன். 1492க்குப் பிறகு அந்தச் சொல்லை மறந்துவிட்டோம்.

இதையெல்லாம் ஓர் இரவு நண்பனிடம் நீளமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். “சரி, ஒரே தடவைதான் வந்தார், அதுவும் இங்கதான் வந்தார்னே வச்சுக்குவோம். அப்பவும் நாமதானே விசேஷம்? அந்தக் கர்வம் போகலையே?” என்றான்.

உயிர்த்த பிறகு இயேசு சீடர்களுக்குக் காட்டியது தம் கைகளையும் விலாவையும்தான் என்று அவனுக்கு நினைவுபடுத்தினேன். பீடச் சிறுவனாக அவனும் எத்தனையோ முறை கேட்ட வாசகம். மகிமை பெற்ற உடலிலும் அந்தக் காயங்கள் இருந்தன, தோமாவிடம் விரலை இடச் சொன்னார். அந்த உடலோடுதான் அவர் இன்றும் இருக்கிறார் என்று நாம் நம்புகிறோம். அவர்தான் எல்லா உலகங்களுக்கும் ஆண்டவர் என்றால், எங்கோ ஒரு சூரியனின் ஒளியில் வாழ்கிறவர்கள் ஒரு நாள் அவரைப் பார்க்கும்போது அந்தக் கைகளையும் பார்ப்பார்கள். ஆணி அடித்தது யார் என்று கேட்பார்கள்.

நண்பன் வெகு நேரம் எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை.